உடைந்த ஜன்னலும் ஒரு சிந்தனைக் குழாமும்

எங்கள் செம்பூர் சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில், கேட்டுக்கு வெளியே நிற்கும் வடாபாவ் வண்டியை அகற்ற ஒரு தீர்மானம் வந்தது. "ஒரு ஜன்னல் உடைஞ்சா உடனே மாத்தணும் சார். விட்டா எல்லாம் உடையும். நியூயார்க்கை அப்படித்தான் சரி பண்ணாங்க" என்றார் நண்பர் ஒருவர். இந்தப் பேச்சின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நியூயார்க்கில் மன்ஹாட்டன் இன்ஸ்டிடியூட் என்றொரு பழமைவாதச் சிந்தனைக் குழாம் உண்டு. கோழிப்பண்ணையில் பொருள் ஈட்டிய ஆங்கிலேயர் ஆண்டனி ஃபிஷரும், பின்னாளில் சி.ஐ.ஏ. தலைவரான வில்லியம் கேசியும் 1978-ல் வேறு பெயரில் இதைத் தொடங்கினார்கள். தேர்தலில் நிற்பது இதன் வேலையல்ல. நிற்பவர்களுக்கு யோசனை தருவதுதான். போலீஸ், பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான உதவித்தொகை, வீட்டு வாடகை ஆகியவையே இதன் களம். நிபுணர்களை அமர்த்தி எழுதச் சொல்வார்கள். மதிய விருந்தில் பேச வைப்பார்கள். 1990-லிருந்து 'சிட்டி ஜர்னல்' என்ற இதழும் வருகிறது.

'உடைந்த ஜன்னல்' கருத்தை 1982-ல் அட்லாண்டிக் இதழில் எழுதியவர்கள் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும். சின்னக் குற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெரிய குற்றம் தைரியம் பெறும் என்பது சாரம். கெல்லிங் பிற்பாடு இந்தக் குழாமில் சேர்ந்தார். 1989 மேயர் தேர்தலில் தோற்ற ஜூலியானி இவர்களிடம் பாடம் கேட்டார், 1994-ல் பதவியேற்றார். சுவரில் கிறுக்குபவர், டிக்கெட் இல்லாமல் ரயிலேறுபவர் எல்லோரும் பிடிபட்டார்கள்.

பலன்? 1990-ல் 2,200-க்கு மேலிருந்த கொலைகள் 1998-ல் 650-க்கும் கீழே வந்தன. ஆனால் அதே காலத்தில் வேறு பல அமெரிக்க நகரங்களிலும் குற்றம் குறைந்தது. காரணம் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2011-ல் மட்டும் நியூயார்க் போலீஸ் தெருவில் சுமார் 6,85,000 முறை ஆட்களை நிறுத்தியது. பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் இனத்தவர். பத்தில் ஒன்பது பேர் குற்றமற்றவர்கள் என்று அனுப்பப்பட்டனர். 2013-ல் நீதிமன்றம் இம்முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நிறுத்துவது வெகுவாகக் குறைந்த பிறகும், 2017-ல் கொலைகள் 300-ஐத் தொடவில்லை.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவிளக்கு எரியணும், குப்பை அள்ளணும். ஆனால் ஜன்னல் வேறு, மனுஷன் வேறு. எங்கள் பெரியப்பா மாட்டுங்கா நடைபாதையில் இட்லிக்கூடையோடு உட்கார்ந்துதான் எங்களைப் படிக்க வைத்தார். அன்று அவரையும் யாராவது 'உடைந்த ஜன்னல்' என்று நினைத்திருக்கலாம்.

தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினேன். வண்டிக்காரர் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி வைப்பது என்று முடிவாயிற்று.