பொலித்தீன் பையும் பென் டிரைவும்

"பிள்ளை, போன் காசு கட்டச் சொல்லிக் கேக்குது. கட்டாட்டி எல்லாத்தையும் அழிச்சுப்போடுமோ?"

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அறையொன்றை வாடகைக்கு எடுத்துத் தையல் தைக்கும் அக்கா ஒருவர், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார். எமது சுயதொழில் குழுவின் மூத்த உறுப்பினர் அவர். போனை வாங்கிப் பார்த்தேன். கூகிள் நிறுவனம் இலவசமாகத் தரும் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது, மேலும் இடம் வேண்டுமானால் மாதந்தோறும் பணம் செலுத்த வேண்டும் என்றிருந்தது.

"பயப்படாதேங்கோ அக்கா, இருக்கிறது உடனே அழியாது" என்றேன். அது பொய்யல்ல. ஆனால் அரைவாசிப் பதில். இருப்பது அழியாது, ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் சேராது என்பதை நான் சொல்லவில்லை. அதன் விலையை அந்த அக்கா கட்டினார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவருடைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. திருத்துபவர் கையை விரித்துவிட்டார். புதுப் போனில் பழைய கணக்கைத் திறந்தபோது, வருடத் தொடக்கம் வரையிலான படங்களும் செய்திகளும் வந்தன. அதற்குப் பிந்திய எட்டு மாதங்களுக்குரிய எதுவும் இல்லை. யார் யாருடைய அளவு, யார் முற்பணம் தந்தார்கள், யார் மிச்சம் தரவேண்டும், கனடாவிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் அனுப்பிய மாதிரிப் படங்கள், எல்லாம் வட்ஸ்அப்பில்தான் இருந்தன. கணக்குப் பார்த்தபோது வரவேண்டிய பணம் மட்டும் அறுபதினாயிரம் ரூபாவுக்கு மேல்.

ஆனால் அக்கா முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. "அவற்றை படம் இருக்கோ?" என்றுதான் கேட்டார். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியபோது அவரிடம் இருந்தது ஒரு பொலித்தீன் பை மட்டுமே. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை. கணவர் உயிரோடு வரவில்லை. கல்யாண அல்பமும் வரவில்லை. உறவினர் வீட்டில் இருந்த ஒரேயொரு படத்தைப் பின்னாளில் போனில் பிடித்து வைத்திருந்தார். நல்லகாலம், அது பழைய படமானபடியால் தப்பியிருந்தது.

எமது பெண்களின் போனில் தொழிலும் வாழ்க்கையும் பிரிந்திருப்பதில்லை. கடன் கணக்குக்கு அருகிலேயே காணாமற்போன மகனின் படம் இருக்கும். ஆகவே "தேவையில்லாததை அழியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எம்மைப் போன்ற சமூகப் பணியாளருக்குச் சுலபம், அவர்களுக்குச் சுலபமல்ல.

செலவு ஏன் கூடியது?

கூகிள் ஒரு கணக்குக்கு இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட் இடம். மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே அந்த 15. முன்னர் படங்களை ஓரளவு தரத்தில் எவ்வளவும் இலவசமாக ஏற்றலாம் என்றிருந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. 2024இல் இருந்து அன்ட்ரொயிட் போன்களின் வட்ஸ்அப் பிரதிகளும் அந்த 15க்குள்ளேயே கணக்கிடப்பட்டன. அக்காவின் இடம் திடீரென்று நிறைந்ததும் இதனால்தான்.

அடுத்தது எமது நாட்டின் நெருக்கடி. இந்தச் சேவைகளின் விலைக்கு அடிப்படை டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாதம் இரண்டு டொலர் என்று வைத்துக்கொண்டால், 400 ரூபாச் செலவு சில வாரங்களில் 720 ரூபாவானது. அதே ஆண்டு செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்களும் 20 சதவீதம் கூடின. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. பெரிய கொம்பனிக்கு இது சிறுதொகை. ஒரு சட்டைக்குக் கூலி வாங்கி வாடகை கட்டும் பெண்ணுக்கு அப்படியல்ல.

அரசாங்கத்துக்கும் நடந்தது

"படிக்காததாலை வந்த வினை" என்று அந்த அக்கா தன்னை நொந்துகொண்டார். அப்படியல்ல. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் 'லங்கா கவர்மன்ட் கிளவுட்' கணினி வலையமைப்பு, கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்றினால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் மீளவில்லை. பிரதிகள் இருந்தன; ஆனால் அவையும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அவற்றையும் வைரஸ் பூட்டிவிட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

எமக்கு இது புதிய பாடமா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் தமிழர் கடைகள் எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் சேர்ந்தே எரிந்தன. 2004 ஆழிப்பேரலையிலும் இறுதிப் போரிலும் ஆவணங்களை இழந்து, பிறப்புச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பாதுகாப்பது இந்த இழப்பைக் கண்ட பிறகுதான். ஒன்றே ஒன்று இருந்தால் அது ஒருநாள் இல்லாமற் போகும். எமது பெண்கள் இதைப் பட்டறிந்தவர்கள்.

கொட்டாஞ்சேனை அக்காவின் வழி

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம், கடைகளுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் இன்னொரு அக்காவைச் சந்தித்தேன். அவர் கணக்கு எழுதுவது சீ.ஆர். கொப்பியில். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரப் பக்கங்களைப் போனில் படம் பிடிப்பார். அதைத் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். அவ்வளவுதான். "2022இலை பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளிலையும் என்ரை கணக்கு நிக்கேல்லை" என்று சிரித்தார்.

மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறு இடத்தில் என்பது கணினித் துறையினர் சொல்லும் விதி. பீற்றர் குரோ என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளரால் பரவலானது. கொட்டாஞ்சேனை அக்கா அவரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கொப்பி, தன் போன், தங்கச்சியின் போன் என்று விதி நிறைவேறியிருந்தது.

இவ்விருவரையும் வைத்து எமது குழுவில் பேசினோம். நாங்கள் முடிவுசெய்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பிரித்தெடுங்கள். இடத்தைப் பிடிப்பது கணக்கல்ல, வீடியோ. ஒரு படம் ஏறத்தாழ மூன்று மெகாபைட் என்றால் 15 ஜிகாபைட்டில் ஐயாயிரம் படம் அடங்கும். தெளிவான வீடியோ ஒரு நிமிடம் ஓடினாலே நூறு மெகாபைட்டைத் தாண்டும். வட்ஸ்அப்பில் 'காலை வணக்கம்' என்று வந்தவற்றையும் பகிரப்பட்ட வீடியோக்களையும் முதலில் அழியுங்கள். வட்ஸ்அப் பிரதியில் வீடியோவைச் சேர்க்காமல் விடும் வசதியும் உண்டு. பெரும்பாலானோருக்கு இதுவே போதும். காசு கட்டத் தேவையில்லை.

இரண்டாவது, அழிக்குமுன் கவனியுங்கள். போனும் கூகிள் படங்களும் இணைந்திருந்தால் ஓரிடத்தில் அழிப்பது மற்ற இடத்திலும் அழியும். தவறி அழித்த படம், ஏற்கெனவே பிரதி எடுக்கப்பட்டதாயின், 60 நாள் குப்பைக்கூடையில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். இறந்தவர், காணாமற்போனவர் படங்களை முதலில் பென் டிரைவில் போட்டு, ஸ்ரூடியோவில் கடதாசியிலும் எடுத்துவிட்டுப் பிறகு மற்றவற்றில் கைவையுங்கள்.

மூன்றாவது, கழற்றி வைக்கும் பிரதி ஒன்று வேண்டும். ஒரு முறை காசு கொடுத்து வாங்கும் பென் டிரைவ், மாதாமாதம் கட்டணம் கேட்காது. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மலிவுச் சாமான்களும் சந்தையில் உண்டு. பென் டிரைவும் நிரந்தரமல்ல. சில வருடத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள். அதை அறையில் வைக்காமல், வேறு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தைக் கண்டபின் இதற்கு விளக்கம் தேவையில்லை.

நான்காவது, திறந்து பாருங்கள். மாதம் ஒரு முறை பிரதியிலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கடைசியாகப் பிரதி எடுத்த திகதி எது என்றும் பாருங்கள். அந்தத் திகதியை நாங்கள் பார்த்திருந்தால் எட்டு மாதம் போயிருக்காது.

ஐந்தாவது, கட்டத்தான் வேண்டுமென்றால் சேர்ந்து கட்டுங்கள். கூகிளின் கட்டணச் சேமிப்பிடத்தை ஒருவர் வாங்கிக் குடும்பத்தில் மேலும் ஐவருடன் பகிரலாம். ஒருவர் கோப்பு மற்றவருக்குத் தெரியாது. அந்தச் செலவை வாடகை, நூல், மின்சாரம் போலத் தொழிற்செலவாக எழுதி, கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை நிறுத்துவதாயின் முதலில் எல்லாவற்றையும் வெளியே இறக்குங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கையும், இரண்டு வருடம் அளவுக்கு மேல் நிறைந்திருக்கும் கணக்கையும் கூகிள் அழிக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இன்னுமொன்று, பெண்களாகிய எமக்கு முக்கியமானது. எமது போனில் இருப்பது மற்றப் பெண்களின் உடலளவும் படமும் தொலைபேசி இலக்கமும். எம்மை நம்பித் தந்தவை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் உண்டு. போனுக்கும் பென் டிரைவுக்கும் கடவுச்சொல் போடுங்கள். வேலை முடிந்து, பணமும் தீர்ந்தபின் ஒருவரின் படத்தை அழிப்பது மரியாதையும்கூட, இடமும் மிச்சம்.

தையல் அக்கா அந்தத் தீபாவளிக்கு ஒவ்வொரு வாடிக்கையாளராகத் தேடிப் பேசினார். பெரும்பாலானோர் உண்மையைச் சொல்லித் தந்தார்கள். பதினையாயிரம் ரூபா அளவு வரவேயில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ தெரிஞ்சோ செய்தனீ? விடு பிள்ளை" என்றார். அதற்குப் பின் யார் என்னிடம் எதைக் கேட்டாலும் பாதிப் பதில் சொல்வதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

இப்போது அவரும் சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். அந்தப் பழைய பொலித்தீன் பைக்குள் விவாகப் பதிவோடு ஒரு பென் டிரைவும் இருக்கிறது. இன்னொன்று கொட்டாஞ்சேனை அக்கா வீட்டில், அவருடையது இவரிடம்.

சகோதரிகளே, வருகிற சனிக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கணக்கைப் படம் பிடியுங்கள். ஒரு பிரதியை உங்களுக்கு நம்பிக்கையான இன்னொரு பெண்ணிடம் கொடுங்கள். அவருடையதை நீங்கள் வாங்கி வையுங்கள்.