ஜொகூர் என்று அச்சடிக்க எத்தனை பேர் வேண்டும்?

எங்கள் தாமான் கோயில் திருவிழா மலர் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தேன். புது மை வாசம், பளபள அட்டை, நடுவில் அம்மன். அம்மன் தலைக்கு மேலே, கொட்டை எழுத்தில், எங்கள் ஊர்ப் பெயர். அதைப் பார்த்ததும் கையிலிருந்த தே தாரிக் ஆடிப்போனது.

ஜொகூர் அங்கே இல்லை. ஜ தனி மரமாக நின்றது. அதன் கொம்பும் காலும் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. க ஒருபுறம், அதன் வால் மறுபுறம். ‘ர்’ மட்டும் தப்பித்திருந்தது. அதுவும் புள்ளி சற்றே நழுவி, தலைப்பாகை சரிந்த மாப்பிள்ளை மாதிரி.

மலரைத் தொகுத்தவன் நான். திட்டு வாங்கியவனும் நான். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் போனதற்குத் திட்டு காரணமல்ல, ஒரு கேள்வி. இந்தச் சொல் மற்ற நாளெல்லாம் எப்படி ஒழுங்காக உட்காருகிறது? யார் உட்கார வைக்கிறார்? வாருங்கள், திரையை விலக்கிப் பார்ப்போம். உள்ளே ஒரு திருவிழாவே நடக்கிறது!

முதல் கதவு: எழுத்து மூன்று, எண் ஆறு

ஜொ, கூ, ர். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: ஜ, ொ, க, ூ, ர, புள்ளி. அதுவும் நாம் உச்சரிக்கும் வரிசையில், முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. ஆனால் கண்ணுக்கு ஜொ எப்படித் தெரிய வேண்டும்? கொம்பு முன்னால், ஜ நடுவில், கால் பின்னால். அதாவது பின்னால் வந்த விருந்தாளியை இரண்டாகப் பிரித்து, ஒருவரை வாசலிலும் ஒருவரைக் கொல்லையிலும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும். கண் இமைப்பதற்குள்.

இந்த உட்கார வைக்கும் வேலைக்கென்றே ஒரு நிரல் உண்டு. குரோம் உலாவியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் லிப்ரே ஆஃபீஸிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். அது இடத்தை மாற்றிக் கொடுக்கும். ஆனால் ‘கூ’ எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அது அறியாது. அந்த ரகசியம் எழுத்துருவுக்குள் இருக்கிறது. க-வை அடுத்து ூ வந்தால் இருவரையும் விலக்கிவிட்டு இந்தப் படத்தை வை என்று உள்ளே ஒரு விதி. கூ-வுக்கு ஒன்று, மூ-வுக்கு ஒன்று, தூ-வுக்கு இன்னொன்று. உகரமும் ஊகாரமும் ஏறும்போது பதினெட்டு மெய்யும் தங்கள் இஷ்டத்துக்குச் சுழிக்கும், வளையும், வால் நீட்டும். ஆக 36 வடிவங்கள். ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

யாரந்த யாரோ? இங்கேதான் எனக்குக் குதிகால் தரையில் நிற்கவில்லை. நம்ம நாட்டுக்காரர்!

இரண்டாம் கதவு: கேரித் தீவிலிருந்து ஒரு முரசு

முத்து நெடுமாறன். சிலாங்கூரின் கேரித் தீவுக்காரர். அப்பா முரசு நெடுமாறன் கவிஞர், தமிழாசிரியர். மகன் 1985-இல் கணினிக்கு ஒரு தமிழ் மென்பொருள் செய்தார், பெயர் முரசு. அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். விண்டோஸின் முதல் பதிப்பே அந்த நவம்பரில்தான் கடைக்கு வந்தது. கறுப்புத் திரை, மின்னும் கோடு, கடகடவென்று புள்ளி குத்தி அச்சடிக்கும் பொறி. அந்தக் காலத்தில் தமிழ்!

பின்னால் மின்னஞ்சலும் சேர்ந்து, முரசு ‘முரசு அஞ்சல்’ ஆனது. ஆங்கில விசையில் ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும் அஞ்சல் விசைமுறையை இன்று தட்டிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு, அது ஒரு மலேசிய மென்பொருளின் பெயர் என்பதே தெரிந்திருக்காது.

அந்தக் காலத்து நெருக்கடியைக் கேளுங்கள். ஓர் எழுத்துருவுக்கு மொத்தம் 256 அறைகள். முதல் பாதியில் ஆங்கிலம் ஏற்கெனவே குடியிருக்கிறது. மிச்சம் 128. தமிழுக்கோ 247 எழுத்து, கிரந்தம் வேறு. என்ன செய்வது? தோட்டத்து லயத்தில் பெரிய குடும்பம் இருந்த மாதிரி இருக்க வேண்டியதுதான். கொம்பு எல்லாருக்கும் பொது, கால் எல்லாருக்கும் பொது. அந்த 36 பேர் மட்டும் பிடிவாதக்காரர்கள், ஆளுக்கு ஓர் அறை வேண்டும். டி, டீ என்று இன்னும் இருவர்.

இதில் கூத்து என்னவென்றால், யாரை எந்த அறையில் வைப்பது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. ஒரு பத்திரிகையில் தட்டியது இன்னொரு பத்திரிகையில் திறக்காது. அப்படி அறை ஒதுக்கிய முறைகளில் ஒன்றான திஸ்கியில் ‘தமிழ்’ என்று தட்டி, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன தெரியும் தெரியுமா? ஒரு முக்கால் பின்னம், தலையில் கோடு போட்ட ஏ, ஒரு சென்ட் குறி, தலையில் கோடு போட்ட யு. அவ்வளவுதான் தமிழ்!

மூன்றாம் கதவு: பாலத்துக்கு அந்தப் பக்கம்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் கூடியது எங்கே? எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து விளக்கு தெரிகிற ஊரில். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 1997-இல் அங்கே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதற்குப் பெரிதும் உழைத்த ந. கோவிந்தசாமி எழுத்தாளர், ஆசிரியர், கணியன் என்ற தமிழ் இணைய முறையைத் தந்தவர். 1999-இல் சென்னையில் இரண்டாம் மாநாடு, அங்கே தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வின் தலையில் தானாகப் புள்ளி ஏறிக்கொள்ளும் அந்தச் சமர்த்து விசைப்பலகை. 2000-இல் மறுபடி சிங்கப்பூர், அங்கே உத்தமம் என்ற அமைப்பு. 2001-இல் கோலாலம்பூர். உத்தமத்தில் பொறுப்பேற்று உழைத்தவர்களில் முத்து நெடுமாறனும் ஒருவர்.

கடைசியில் ஜெயித்தது யூனிகோட். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். உலகத்தில் எந்தக் கணினியில் திறந்தாலும் க என்றால் க. ஆனால் அச்சகத்துக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. பக்க வடிவமைப்புக்கு எல்லாரும் திறக்கும் இன்டிசைன் மென்பொருள் வெகுகாலம் தமிழின் கொம்பை இடம் மாற்றத் தெரியாமல் விழித்தது. இன்றும் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான தேர்வை மாற்றிவைக்க வேண்டும். மறந்தால்? எங்கள் கோயில் மலர்!

ஆம், எங்கள் ஜ தனி மரமானதற்குக் காரணம் அந்த ஒரே ஒரு தேர்வு. இடம் மாற்ற ஆளில்லாமல், ஆறு எண்ணும் தட்டிய வரிசையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டன.

நான்காம் கதவு: ஆயுள் முழுக்க ஒரு புள்ளி

இப்படி எழுத்தை உட்கார வைக்கும் நிரலாளருக்கு என்ன வேலை என்று கேட்டால், இனி நான் இதைத்தான் சொல்வேன். வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வந்துவிடாமல் பார்ப்பது. ‘ொ’வை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அந்த இரட்டையர்களைக் கண்டுபிடித்துச் சேர்த்து வைப்பது. ‘ஔ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ-வையும் ள-வையும் ஒட்டிவைக்கும் என்னைப் போன்றவர்களிடம் பொறுமை காப்பது.

இந்தக் கிறுக்கு தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத், 1977-இல் தம் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்தார், எழுத்து பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த நூல் வரிசையை அப்படியே மூடி வைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்றைத் தாமே எழுத உட்கார்ந்தார். டெக் என்ற அதன் பதிப்பு எண், ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணிதத்தின் பை எண்ணை ஓர் இலக்கம் நெருங்கும். எழுத்து கோணலாக இருந்தால் சிலருக்குச் சோறு இறங்காது!

நம் முத்து நெடுமாறனுக்கும் அதே நோய்தான். 2005 பொங்கலில் சிங்கப்பூரில் செல்லினம் வந்தது, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி. ஆங்கிலச் செய்திக்கு 160 இடம் கிடைக்கும், யூனிகோட் செய்திக்கு 70தான். ‘முத்து நெடுமாறன்’ என்று எழுதவே அதில் 16 போய்விடும், நான் எண்ணிப் பார்த்தேன். 2012-இல் செல்லியல் என்று செய்தித் தளமும் தொடங்கினார். எழுத்து செய்தவர் பத்திரிகையும் போட்டார். 2013-இல் ஐபோனின் ஐஓஎஸ் 7-இல் அஞ்சலும் தமிழ்99-உம் விசைப்பலகைகளாக உள்ளேயே வந்து உட்கார்ந்தன.

கடைசிக் கதவு: உங்கள் மேசையில்

இப்போது ஒரு வேடிக்கை. ஆப்பிள் கணினி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அதன் எழுத்துருப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். நான் ஜாலான் மெல்ட்ரம் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் நண்பனின் மடிக்கணினியில் திறந்தேன். தமிழ் சங்கம் எம்என். சரி, தமிழ். கீழே நகர்த்தினேன். மலையாளம் எம்என். தெலுங்கு எம்என். சிங்களம் எம்என். மியன்மார் எம்என், கெமர் எம்என், லாவோ எம்என்! கத்தியேவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ரொட்டி சானாயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

எம்என். முத்து நெடுமாறன்.

பழைய புத்தகங்களில் அச்சிட்டோர் என்று ஒரு வரி இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர் பெயர் இருக்காது. இங்கே கோத்தவர் இரண்டே எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதுவும் இத்தனை மொழிகளில்.

அடுத்த ஆண்டு மலர் வேலை தொடங்கிவிட்டது. அட்டையை அனுப்புமுன் அச்சக அண்ணனுக்குக் கூப்பிட்டேன். “அண்ணே, அந்தத் தேர்வை மாத்திட்டீங்களா?” என்றேன். “மாத்திட்டேன் தம்பி, இந்தத் தடவை ஜொ ஜொலிக்கும் பாரு” என்றார். படி வந்தது. முதலில் அம்மனைப் பார்க்கவில்லை, மன்னிக்கட்டும். கொம்பைத்தான் பார்த்தேன். இடப்பக்கம் இருந்தது.