டிக்கிக்குள் மழைநீர்: செலவுக்கு முன் வழியைக் கண்டறிவோம்

கார் ஒரு வளைவில் திரும்பும்போது பின்புறம் எங்கோ தண்ணீர் அலம்பும் ஓசை கேட்கிறது. டிக்கியைத் திறந்து பார்த்தால் மேல்விரிப்பு ஏறத்தாழ உலர்ந்தே இருக்கிறது. விரிப்பைத் தூக்கினால்தான் உண்மை தெரிகிறது. ஸ்டெப்னி சக்கரம் இரண்டு விரற்கடை ஆழத் தண்ணீரில் கிடக்கிறது. ஜாக்கியும் ஸ்பேனரும் துருவேறியிருக்கின்றன. மழைக்காலத்தில் கார் உரிமையாளர்கள் பலர் சந்திக்கும் காட்சி இது.

தண்ணீரைத் துடைத்துவிட்டு, டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மாற்றச் சொல்வதே பெரும்பாலோர் உடனே செய்யும் வேலை. சில வேளைகளில் அது பலன் தரும். பல வேளைகளில் புதிய பீடிங்குக்குப் பணம் கொடுத்த பின்னரும் அடுத்த மழையில் அதே பள்ளத்தில் அதே தண்ணீர் நிற்கும். நீர் தேங்கும் இடம் வேறு, நீர் நுழையும் இடம் வேறு என்பதே இதற்குக் காரணம். ஆகவே, பணம் செலவழிப்பதற்கு முன் நீர் வந்த வழியைக் கண்டறிய வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கி, செப்டம்பர் வரை நாட்டின் பெரும்பகுதியை நனைக்கிறது. தமிழகத்துக்கும் ஆந்திரக் கடலோரத்துக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் டிக்கியின் அடித்தளம் ஒருமுறை நனைந்தால் எளிதில் உலர்வதில்லை. விரிப்புக்கு அடியில் ஒலியைத் தடுப்பதற்காக வைத்திருக்கும் பஞ்சுத் தகடு ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சை வாடை முதலில் எழும். துரு அதன் பின்னால் வரும்.

பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. பின்விளக்கின் இணைப்புகளில் ஈரம் ஏறினால் பிரேக் விளக்கு எரியாமல் போகலாம்; பின்னால் வரும் வாகனத்துக்கு நீங்கள் நிறுத்துவது தெரியாது. சில கார்களில் பேட்டரியோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ டிக்கிப் பகுதியில் அமைந்திருக்கும். சி.என்.ஜி. கார்கள் பலவற்றில் எரிவாயு உருளையே அங்குதான் இருக்கிறது. அந்த உருளைக்கு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். ஆனால் அதைத் தாங்கும் பட்டைகளும் போல்ட்டுகளும் ஈரத்தில் துருவேறுவதற்கு 3 ஆண்டுகள் காத்திருப்பதில்லை.

நீர் நுழையும் வாயில்கள்

மழைநீர் மேலிருந்து நேராக விழுந்து உள்ளே வருவதில்லை. தகட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அடிப்புறமாக ஊர்ந்து, ஒயர்களின் மேல் வழிந்து, கடைசியில் மிகத் தாழ்வான இடத்தை அடைகிறது. அந்தத் தாழ்வான இடம் பெரும்பாலும் ஸ்டெப்னிப் பள்ளம். வழியில் இருக்கும் வாயில்கள் பல.

முதலாவது, ரப்பர் பீடிங். வெயிலில் இறுகிப்போகும், மூடியின் அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நசுங்கிச் சப்பையாகும். பொருள்களை ஏற்றி இறக்கும்போது கிழிவதும் உண்டு. அதை ஒட்டியுள்ள வாய்க்காலில் வேப்பிலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால், வெளியே வடிய வேண்டிய நீர் பொங்கி உள்ளே இறங்கும்.

இரண்டாவது, பின்விளக்குகள். விளக்குக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள மெத்தை போன்ற கேஸ்கெட் காலப்போக்கில் நைந்துவிடும். மூடியிலுள்ள மேல் பிரேக் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றின் துளைகளும் இவ்வகையே.

மூன்றாவது, கூரை. ஆன்டெனாவின் அடிப்பகுதியிலும் கூரையோரப் பட்டைக்கு அடியிலும் நுழையும் நீர், உட்புறத் துணிக்கு மேலாகவே பின்னோக்கி ஓடி டிக்கியின் பக்கச் சுவரில் இறங்கும். ஹேட்ச்பேக் கார்களில் பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் கழன்றிருந்தால், மழையே இல்லாத நாளிலும் டிக்கி நனையும்.

நான்காவது, பலர் அறியாத காற்றுப் போக்கி. கதவை மூடும்போது உள்ளே நெருக்கப்படும் காற்று வெளியேற, பல கார்களில் பின் பம்பருக்குப் பின்னால் ஒருவழி மடல்கள் கொண்ட சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றிய ஸ்பாஞ்சு நைந்தால், சக்கரம் வாரியடிக்கும் சாலை நீர் அவ்வழியே நுழையும்.

ஐந்தாவது, தகடுகளின் மூட்டு. தகடுகளை இணைத்த பின், இடைவெளியில் சீலன்ட் பூசி அதன் மேல் பெயின்ட் அடிப்பது வழக்கம். அந்தப் பூச்சு வெடித்தாலோ, பின்புறம் இடிபட்டு டிங்கரிங் செய்தபோது மீண்டும் பூசாமல் விட்டாலோ, மயிரிழை இடைவெளியே போதுமானது.

கண்டறியும் முறை

டிக்கியைக் காலி செய்யுங்கள். விரிப்பு, ஸ்டெப்னி, பக்கச் சுவர் மறைப்புகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, உட்புறத்தை முழுமையாக உலரவையுங்கள். பின்னர், ஐயத்துக்குரிய மூட்டுகளிலும் விளிம்புகளிலும் முகப்பவுடரையோ சாக்பொடியையோ மெல்லியதாகத் தூவுங்கள். நீர் ஓடிய தடம் அதில் கோடாகத் தெரியும்.

அடுத்து, தோட்டக் குழாயால் நீர் விடுங்கள். உயர் அழுத்தப் பம்பு வேண்டாம். அது மழையில் நுழையாத இடத்திலும் நீரைப் புகுத்தி உங்களைத் திசைதிருப்பும். கீழிருந்து மேலாகச் செல்வது முக்கியம். முதலில் பம்பர் மட்டம், பிறகு பின்விளக்குகள், பிறகு மூடியின் ஓரங்கள், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் விட்டு, உள்ளே பார்த்த பின்னரே அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கூரையில் நீர் விட்டால் எல்லா வாயில்களும் ஒருசேர நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

உள்ளே பார்ப்பதற்குப் பின் இருக்கையை மடக்கி, அங்கிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். இருக்கை மடங்காத கார்களில், கைப்பேசியை நீர் புகாத உறையில் இட்டு, ஒளியுடன் காணொளி பதியவிட்டு மூடியை அடைக்கலாம். மூடிய டிக்கிக்குள் யாரையும், குறிப்பாகச் சிறுவர்களை, இருக்கவைக்கக் கூடாது.

பீடிங்கைத் தனியே சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். மூடிக்கும் பீடிங்குக்கும் இடையே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் எளிதாக உருவி வந்தால் அங்கே அழுத்தம் குறைவு. அப்படியானால் பீடிங்கை மாற்றுவதற்கு முன், மூடியின் பூட்டுக் கொக்கியையும் ரப்பர் முட்டுகளையும் சரிப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரிசெய்தல்

பீடிங் கிழியாமல் இருந்தால் சோப்பு நீரால் துடைத்து, உலர்த்தி, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் இந்த ரப்பரை உப்பச் செய்யும், அவற்றைத் தவிர்க்கவும். கிழிந்திருந்தால் அந்தக் கார் மாடலுக்கே உரிய பீடிங்கை வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் பொதுவான பட்டை பெரும்பாலும் சரியாகப் பொருந்தாது.

விளக்கின் கேஸ்கெட்டை மாற்றும்போது நட்டுகளை ஒரே சீராக, அளவோடு முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் பிளாஸ்டிக் வெடித்து, புதிய கசிவு தொடங்கும். வெளிப்புறத்தில் சீலன்டை அப்பிவிடுவதும் நல்ல வழியன்று. வழியை அது மறைக்கும். பிற்காலத்தில் அவ்விடத்தில் பெயின்டும் ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வகை தகட்டை அரிக்கவும் செய்யும்.

ஸ்டெப்னிப் பள்ளத்தின் அடியில் பல கார்களில் ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் நீர் வடிந்துவிடும். ஆனால் அதைத் திறந்தே விட்டுவிடக் கூடாது. சாலை நீரும் புகையும் அவ்வழியே உள்ளே வரும். சி.என்.ஜி. கார்களிலும், டிக்கித் தளத்துக்கு அடியில் உயர் மின்னழுத்த பேட்டரி உள்ள கார்களிலும் துளையிடுவதோ குத்துவதோ வேண்டவே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பணிமனையிடம் ஒப்படையுங்கள்.

கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், எடுத்த காணொளியைப் பணிமனையில் காட்டி, கசிவைப் பற்றிய புகாரை ஜாப் கார்டில் எழுத்தில் பதியச் செய்யுங்கள். வாய்மொழிப் புகாருக்குப் பின்னாளில் சான்று இராது.

காப்பீடு எதற்கு உதவும்?

முழுமையான மோட்டார் காப்பீடு, வெள்ளம் போன்ற இயற்கைச் சேதத்தை ஏற்கிறது. ஆனால் தேய்மானத்தையும், இயந்திர, மின் கோளாறுகளையும் வழக்கமான பாலிசி ஏற்பதில்லை. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது மூழ்கிய கார் வேறு. பீடிங் நைந்து சொட்டுச் சொட்டாக நனைந்த கார் வேறு. முன்னது விபத்து, பின்னது தேய்மானம்.

ஏற்கப்படும் கோரிக்கையிலும் கணக்குப் பார்ப்பது நல்லது. வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 சதவீதம் கழிக்கப்படும். அதற்கு மேல் கட்டாயக் கழிவாக 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் நீங்களே ஏற்க வேண்டும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான சலுகை 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதத்தை எட்டும். ஒரு கோரிக்கை பொதுவாக அதை முழுதும் போக்கிவிடும். காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், சலுகைக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதச் சலுகையை இழந்தால் அடுத்த ஆண்டிலேயே 4,000 ரூபாய் கூடுதலாகும். சிறிய பழுதைக் கைப்பணத்தில் முடிப்பதே பெரும்பாலும் ஆதாயம்.

ஓர் இடத்தில் மட்டும் காப்பீட்டை உறுதியாகப் பயன்படுத்த வேண்டும். பின்புறம் இடிபட்டு, கோரிக்கையின் பேரில் பழுது பார்த்த கார் என்றால், மூட்டுகளில் சீலன்ட் பூசுவதும் அந்தப் பழுதின் பகுதியே. பளபளக்கும் பெயின்டைப் பார்த்தவுடன் திருப்திக் கடிதத்தில் கையொப்பமிட்டுவிடாதீர்கள். பணிமனையிலேயே பத்து நிமிடம் நீர் விட்டு, டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்த பின் கையொப்பமிடுங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கும் இதே அறிவுரை பொருந்தும். இருக்கைகளும் தரையும் மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஸ்டெப்னிப் பள்ளத்திலுள்ள நீர்க்கறையையும் துருவையும் துடைக்க விற்பவர் மறந்திருக்கக்கூடும்.

பதிவுச் சான்றிதழ், பாலிசி போன்ற அசல் தாள்களை டிக்கியில் வைக்க வேண்டியதில்லை. டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலிகளில் உள்ள மின்னணு ஆவணங்களை அசலுக்கு இணையாக ஏற்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. தாள்கள் வீட்டு அலமாரியில் உலர்ந்திருக்கட்டும்.

உங்கள் ஊரில் மழை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வாய்க்காலில் கிடக்கும் இலைகளை அகற்றுங்கள், பீடிங்கைத் துடையுங்கள், காகிதத் துண்டை இழுத்துப் பாருங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள், விரிப்பைத் தூக்கி உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அந்த ஆண்டுக்கு வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.