எழுதியது மாணவரா, இயந்திரமா? விடை சொல்லாத விதிகள்

புது தில்லி: ஹரியாணாவில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைச் சட்டம் பயின்ற மாணவர், 2024 மே மாதம் எழுதிய தேர்வில் தோல்வி அடைந்ததாக அறிவிக்கப்பட்டார். அவரது விடைகளில் 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டவை என்பது குற்றச்சாட்டு. விடைகள் தமது சொந்தப் படைப்பே என்றும், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று எந்த விதியும் கூறவில்லை என்றும் அவர் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பிய பிறகு பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்தது. வழக்கும் முடித்துவைக்கப்பட்டது.

மாணவருக்கு நிவாரணம் கிடைத்தது. அவர் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

விதியில் உள்ள ஓட்டை: கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ம் ஆண்டு விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். ஆனால், பிறருடைய படைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவதையே அந்த விதிமுறைகள் கருத்துத் திருட்டு என்கின்றன. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பரில்தான். கேட்டவுடன் புதிதாக எழுதித் தரும் இயந்திரத்தை 'பிறர்' என்று கொள்ள முடியுமா என்பதை அந்த விதிமுறைகள் எதிர்பார்க்கவில்லை.

மேலும், வீட்டுப்பாடக் கட்டுரைகள், பருவக் கட்டுரைகள், திட்ட அறிக்கைகள், விடைத்தாள்கள் ஆகியவற்றுக்கு அந்த விதிமுறைகள் பொருந்தாது. மாணவர்கள் இக்கருவிகளை அன்றாடம் நாடுவது இவற்றுக்குத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

கருவியை நம்பலாமா?: இயந்திர எழுத்தைக் கண்டறியும் மென்பொருள் தரும் சதவீதத்தையே சாட்சியமாகக் கொள்வதில் ஆபத்து உள்ளது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தனது கண்டறியும் கருவியை, துல்லியம் போதாது என்று கூறி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை இத்தகைய 7 மென்பொருள்களில் சோதித்தனர். மனிதர்கள் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் கணிக்கப்பட்டன. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவதே அவர்கள் மீது சந்தேகம் விழக் காரணமாயிற்று. தமிழிலோ ஹிந்தியிலோ வங்க மொழியிலோ பள்ளிப்படிப்பை முடித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் முதல் தலைமுறைப் பட்டதாரியின் நிலையும் இதுவே.

வெளிப்படைத்தன்மையே வழி: தடை விதிப்பதும் பயன் தராது. தில்லி ஐஐடி குழு நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு மாணவர்கள் இக்கருவிகளைப் பயன்படுத்துவதாகக் கூறினர். எனவே, பயன்படுத்தியதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2025-ல் வழிகாட்டியது. மாணவர், ஆசிரியர் இரு தரப்பினருக்கும் இது பொருந்தும். வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என நிர்ணயிக்குமாறு யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது.

எந்தப் பணிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். சந்தேகம் எழுந்தால் மாணவரை நேரில் அழைத்து, அவர் எழுதியதை விளக்கச் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு நடைமுறையில் உள்ள வாய்மொழித் தேர்வின் எளிய வடிவமே இது. இதற்குப் போதிய ஆசிரியர்கள் தேவை. பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில், மென்பொருளின் தீர்ப்பை அப்படியே ஏற்கும் போக்குதான் வளரும்.

கல்விக்கான செயற்கை நுண்ணறிவு சிறப்பு மையத்துக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் ரூ. 500 கோடி அறிவிக்கப்பட்டது. கல்வி பொதுப் பட்டியலில் இருந்தாலும், உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது. கருவிகளை வளர்க்க நிதி ஒதுக்கும் அரசு, அவற்றின் பெயரால் குற்றம் சாட்டப்படும் மாணவர் தம் தரப்பை எடுத்துரைக்க வழி செய்யும் விதியையும் வகுக்கக் கடமைப்பட்டுள்ளது. வழக்குத் தொடுக்கச் சட்ட மாணவருக்கு வழி தெரிந்தது. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது.