ரேஷன் அரிசி கப்பல் ஏறினால் யார் கேட்பது? காக்கிநாடா விவகாரமும் காரைக்கால் எல்லையும் | எக்ஸ்ப்ளெய்னர்

“சீஸ் தி ஷிப்!” 2024 நவம்பர் கடைசியில் இந்த ரெண்டு செகண்ட் வீடியோ உங்க டைம்லைனிலும் வந்திருக்கும். ஆந்திர துணை முதல்வர் பவன் கல்யாண் காக்கிநாடா கடலில் நின்ற ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு, அதிகாரிகளிடம் அதைப் பறிமுதல் செய்யச் சொன்ன காட்சி. மீம் ஆச்சு, ரீல்ஸ் ஆச்சு, ரெண்டு வாரத்தில் மறந்தும் போச்சு. ஆனா அந்தக் கப்பலில் இருந்தது ரேஷன் அரிசி. ஏழைகளுக்குப் போக வேண்டியது ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தது.

இந்த விஷயத்தை காரைக்காலில் இருந்து பார்த்தால் வேறு ஒரு கோணம் கிடைக்கும். முதலில் என்ன நடந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

கப்பலின் பெயர் ஸ்டெல்லா எல் பனாமா. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக இருந்தது. மாவட்ட கலெக்டர் தலைமையிலான குழு முதலில் அதில் 640 டன் ரேஷன் அரிசியைக் கண்டுபிடித்தது. நவம்பர் 29-ம் தேதி பவன் கல்யாண் நேரில் போனார். டிசம்பரில் ஐஜி வினீத் பிரிஜ்லால் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. பல துறை அதிகாரிகள் சேர்ந்து கப்பலின் அறை அறையாக மாதிரி எடுத்துச் சோதித்தபோது, 640 டன் என்பது 1,320 டன் ஆனது. அந்த அரிசியை இறக்கிய பிறகு, 2025 ஜனவரி தொடக்கத்தில்தான் கப்பல் கிளம்பியது.

1,320 டன் என்றால் எவ்வளவு? உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருக்கு மாதம் 5 கிலோ. 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்ட மக்கள்தொகை சுமார் 2 லட்சம். கைக்குழந்தை முதல் பாட்டி வரை காரைக்காலில் எல்லாருக்கும் ஒரு மாதத்துக்கு 5 கிலோ கொடுத்தாலும் 1,000 டன்தான் ஆகும், 300 டன்னுக்கு மேல் மிச்சம் இருக்கும். கொள்முதல், அரவை, போக்குவரத்து, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கிலோ அரிசிக்கு அரசுக்கு ஆகும் செலவு சுமார் 40 ரூபாய். அப்படியென்றால் 5 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள மக்கள் பணம் அந்த ஒரே கப்பலில் ஏறியிருந்தது.

இத்தனை துறைகள் இருந்தும் எப்படி?

அரிசி ஏற்றுமதிக்கு கண்காணிப்பே இல்லை என்று நினைக்காதீங்க. தேவைக்கு அதிகமாகவே இருக்கு. எதை ஏற்றுமதி செய்யலாம், செய்யக்கூடாது என்று சொல்வது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி. ஏற்றுமதியாளரைப் பதிவு செய்வது அபெடா. பூச்சி இருக்கா என்று பார்ப்பது தாவரத் தடுப்புக்காப்பு அலுவலகம். கடைசியாக ‘ஏற்றலாம்’ என்று கையெழுத்துப் போடுவது கஸ்டம்ஸ்.

இதில் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வியைக் கவனிங்க. இந்த ரகத்துக்கு அனுமதி இருக்கா? வரி கட்டியாச்சா? வண்டு இருக்கா? வாங்குபவர் யார்? இந்த அரிசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் யார் மேஜையிலும் இல்லை. அது மாநில உணவுத் துறையின் வேலை. அந்தத் துறையின் பார்வையோ ரேஷன் கடை, குடோன், அரிசி ஆலை வரைக்கும்தான் போகும். நடுவில் ஒரு இடத்தில் சாக்கு மாறும். அரசு முத்திரை போட்ட சாக்கில் இருந்து வெறும் வெள்ளைச் சாக்குக்கு அரிசி மாறிவிட்டால், பேப்பரில் அது யாரோ ஒருவரின் சொந்தச் சரக்கு.

இதில் இன்னொரு ஓட்டையும் இருக்கு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு லாரியில் போனால் பொதுவாக இ-வே பில் வேண்டும். ஆனா ஜிஎஸ்டி விலக்கு உள்ள பொருட்களுக்கு அது தேவையில்லை. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரைக்கும்தான் 5% வரி. 50 கிலோ மூட்டைக்கு வரி இல்லை, அதனால் இ-வே பில்லும் இல்லை. ஒரு லோடு செல்போன் எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்குப் போகுது என்று அரசு சிஸ்டத்தில் தெரியும். ஒரு லோடு அரிசிக்கு அந்தத் தடம் கிடையாது.

சாக்கு மாறினாலும் மாறாத அடையாளம் ஒன்று இருந்தது. 2024-ல் ரேஷனில் தந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துத் தயாரித்த அரிசியை 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற அளவில் கலந்தாங்க. (‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான்.) ஒரு கை அரிசியில் ரசாயனம் விட்டால், இரும்புச்சத்து உள்ள மணிகள் மட்டும் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். சில நிமிட வேலைதான். ஏற்றுமதிக்கு வழக்கமாகக் கேட்கும் ஆவணங்களின் பட்டியலில் இது இல்லை.

காக்கிநாடாவில் இன்னொரு சிக்கலும் பேசப்பட்டது. சில மாதங்களுக்கு முன் அங்குள்ள குடோன்களில் ரெய்டு நடத்திப் பறிமுதல் செய்த அரிசியில் ஒரு பகுதி, வங்கி உத்தரவாதத்தின் பேரில் உரிமையாளர்களிடமே விடுவிக்கப்பட்டிருந்தது. கப்பலில் இருந்தது அதுவா என்ற கேள்வி எழுந்தது. பிடித்த சரக்கே சட்டப்படி வெளியே வந்து திரும்பக் கப்பலுக்குப் போக வழி இருக்கும்போது, ரெய்டு வீடியோ எத்தனை லட்சம் வியூஸ் போனால் என்ன?

தடை போட்டால் தீருமா?

2023 ஜூலை 20-ல் மத்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே குருணைக்குத் தடை வந்திருந்தது. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை, 20% வரி மட்டும். 2024 செப்டம்பர், அக்டோபரில் வெள்ளை அரிசிக்கான தடையும் புழுங்கல் வரியும் விலகின. அடுத்த மாதம்தான் ஸ்டெல்லா சிக்கியது.

தடைக் காலத்தில் ஊழலுக்கு வேறு கதவு திறக்கும். 2008 வாக்கில் இப்படித்தான் தடை போட்டுவிட்டு, ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் அரசு வர்த்தக நிறுவனங்கள் வழியாக அரிசி அனுப்பினாங்க. அந்த ஒப்பந்தங்களில் தனியார் கம்பெனிகள் லாபம் பார்த்ததாகப் புகார் வெடித்தது. கதவை மூடினால் சாவி வைத்திருப்பவரிடம் பேரம் நடக்குது, திறந்தால் கூட்டத்தோடு கூட்டமாக ரேஷன் அரிசியும் வெளியே போகுது.

சரி, காரைக்காலுக்கு இதில் என்ன?

காக்கிநாடாவில் இருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஏனாமும் நம்ம புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். ஆனா அங்கே துறைமுகமும் ரேஷன் கடைகளும் ஒரே ஆந்திர அரசின் கீழ் இருக்கு. அதனால்தான் ஒரு துணை முதல்வர் உணவுத் துறை அமைச்சரையும் கூட்டிக்கொண்டு படகில் ஏற முடிந்தது.

காரைக்காலில் அப்படி இல்லை. வாஞ்சூரில் உள்ள துறைமுகம் 2009-ல் செயல்படத் தொடங்கியது. திவால் நடவடிக்கைக்குப் பிறகு 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி போர்ட்ஸ் வாங்கியது. பிரெஞ்சுக் காலத்தில் காரைக்காலில் இருந்து இலங்கைக்கு அரிசி போனது, இன்றைக்கு இங்கே பெரிய சரக்கு நிலக்கரி. காக்கிநாடா மாதிரி எதுவும் இங்கே நடந்தது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஆனா வரைபடத்தைப் பாருங்க. துறைமுகம் புதுச்சேரி அரசின் எல்லைக்குள். சுற்றி இருக்கும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூரின் நெல்லும் கொள்முதல் நிலையங்களும் ரேஷன் குடோன்களும் தமிழ்நாடு அரசுடையவை. தமிழ்நாட்டில் அரிசிக் கடத்தலைப் பிடிப்பதற்கென்றே குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கு. நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் லாரி நுழைந்துவிட்டால் அரசு வேறு, போலீஸ் வேறு.

வாஞ்சூர் செக்போஸ்ட் என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது பாட்டில்தான். அங்கே சோதனை பெரும்பாலும் காரைக்காலில் இருந்து தமிழ்நாட்டுக்குள் வரும் வண்டிக்கு. அரிசி கடத்துபவர் போக வேண்டியது எதிர்த் திசையில்.

காரைக்காலின் சொந்த ரேஷன் கதையும் விசித்திரமானது. கிரண் பேடி துணைநிலை ஆளுநராக இருந்தபோது, அரிசிக்குப் பதில் பணமாகக் கொடுக்க வேண்டும் என்றார். முதல்வர் நாராயணசாமி அரிசிதான் வேண்டும் என்றார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பல வருஷம் ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன, வங்கிக் கணக்கில் பணம் வந்தது. பணத்தைச் சாக்கு மாற்றிக் கப்பலில் ஏற்ற முடியாது என்பது உண்மை. ஆனா கடையில் அரிசி விலை ஏறும்போது அதே பணத்துக்குக் கிடைக்கும் அரிசி குறையும் என்பதும் உண்மை. 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, புதுச்சேரியில் ரேஷன் கடைகள் திரும்பத் திறந்து இலவச அரிசி கொடுக்கத் தொடங்கின. காக்கிநாடா விவகாரம் வெடித்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.

2025 செப்டம்பரில் டிஜிஎஃப்டி ஒரு புது விதி கொண்டுவந்தது. பாசுமதி அல்லாத அரிசியை ஏற்றுமதி செய்ய, ஒப்பந்தத்தை அபெடாவில் பதிவு செய்வது இப்போது கட்டாயம். யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு என்பது பதிவாகும். நல்ல மாற்றம்தான். ஆனா அந்தப் பதிவும் தொடங்குவது ஏற்றுமதியாளரின் மேஜையில் இருந்து. அதற்கு முன்னால் ஆலையில் இருந்தோ குடோனில் இருந்தோ மூட்டை லாரியில் ஏறிய இடம் அதில் வராது. மாநிலக் குடோன் கணக்கையும் கஸ்டம்ஸ் ஷிப்பிங் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. காரைக்காலில் அதைச் செய்ய வேண்டுமானால் ரெண்டு அரசுகளும் மத்திய கஸ்டம்ஸும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.