இலவசம் வேறு, திறந்தது வேறு: அரசு வரைபடமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும்

அரசு இணையதளம் ஒன்றில் ஒரு மாவட்டத்தின் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோடு பண்ணலாம், பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தால் அதே மாவட்டத்தில் பல கிராமங்களுக்குப் பெயரே இல்லை. அதிலிருந்து எடுத்து இதில் போட்டுவிட்டால் என்ன? நம்ம வரிப்பணத்தில் அளந்ததுதானே?

புதிதாக வரைபடம் போட வருகிறவர்கள் எல்லாருமே இதைக் கேட்பார்கள். பெரும்பாலும் கிடைக்கிற பதில், "கூடாது". ஏன் கூடாது என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

பிரிட்டனில் தொடங்கிய தகராறு

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம் ஆர்டினன்ஸ் சர்வே. 1791-இல் தொடங்கியது. அரசு நிறுவனம்தான் என்றாலும் தன் தரவை விலைக்குத்தான் கொடுத்துவந்தது, பதிப்புரிமையிலும் கறாராக இருந்தது. ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு தன் வரைபடங்களைத் தங்களுடையதிலிருந்து நகலெடுத்தது என்று வழக்குப் போட்டது. சாலையின் அகலத்தை வரைந்த விதம் போன்ற சின்னச் சின்ன அடையாளங்களை வைத்து நகலைக் காட்டிக்கொடுத்தார்கள். 2001-இல் அந்த அமைப்பு 2 கோடி பவுண்டு கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

இந்தச் சூழலில்தான் 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். யாருடைய வரைபடத்தையும் பார்த்து வரைய வேண்டாம், ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாகப் போய் நாமே அளப்போம் என்பதுதான் யோசனை. அதனால் "இன்னொரு வரைபடத்தைப் பார்த்துப் போடாதே" என்பது அங்கே முதல் நாளிலிருந்தே இருக்கிற விதி. ஆர்டினன்ஸ் சர்வேயும் பிறகு இறங்கிவந்தது. 2010 ஏப்ரலில் தன் தரவில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது.

அமெரிக்காவில் இந்தத் தகராறே வரவில்லை. மத்திய அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்குவதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் என்ற சாலைத் தரவு 2007-08-இல் அப்படியே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குள் வந்தது. பல சாலைகள் இடம் தள்ளி விழுந்திருந்தன, திருத்த வருஷக்கணக்கில் ஆனது என்பது வேறு கதை. சட்டச் சிக்கல் மட்டும் இல்லை.

நமக்கு மட்டும் கிடைத்தால் போதாதா?

குழப்பம் வருவது இங்கேதான். அரசு "நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று சொன்னால் அது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான அனுமதி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் போட்டதும் அந்தத் தரவு உங்களோடு நிற்பதில்லை. ஓடிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆக, உங்களுக்கு வேண்டியது பயன்படுத்தும் அனுமதி மட்டும் இல்லை, மற்றவர்களுக்குக் கைமாற்றிவிடும் அனுமதியும்தான்.

ரொம்பத் தாராளமான உரிமம்கூட இதில் இடறும். கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "பெயரைக் குறிப்பிடு, பிறகு என்ன வேண்டுமானாலும் செய்" என்பதுதான் அதன் சாரம். ஆனாலும் இரண்டு இடத்தில் உரசுகிறது.

ஒன்று, பெயர் குறிப்பிடுவது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தரவு கொடுத்த அமைப்புகள் ஏராளம். எல்லாப் பெயரையும் ஒரு பக்கத்தில் பட்டியலாகத்தான் போட முடியும். அந்த வரைபடத்தைக் காட்டுகிற ஒரு கைபேசிச் செயலி, "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று ஒரு வரி மட்டும் போடும். மூலத் துறையின் பெயர் அங்கே வராது.

இரண்டு, டிஜிட்டல் பூட்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், தரவை மற்றவர்கள் பயன்படுத்த முடியாதபடி பூட்டிக் கொடுப்பதை அனுமதிக்காது. ஓடிபிஎல், பூட்டாத பிரதியும் கூடவே கிடைத்தால் பூட்டிய பிரதியை அனுமதிக்கும்.

தீர்வு என்னவோ எளிதுதான். "இந்த இரண்டு விஷயத்தில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று துறை ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் போதும். ஆஸ்திரேலியாவில் பல அரசு அமைப்புகள் அப்படிக் கொடுத்திருக்கின்றன.

எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓடிபிஎல் தரவைக் கலந்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். அதனால் தன்னார்வலர்கள் செய்த திருத்தத்தை ஒரு அரசுத் துறை சட்டென்று தன் மூடிய தரவில் சேர்த்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு கறார் தேவையா என்று தோன்றலாம். 2012-இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பழைய உரிமத்திலிருந்து ஓடிபிஎல்-க்கு மாறியது. ஒப்புக்கொள்ளாதவர்கள் வரைந்ததை எல்லாம் நீக்க வேண்டியதாயிற்று. அதன் மேல் மற்றவர்கள் செய்திருந்த வேலையும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது. உரிமை தெளிவில்லாத தரவை இன்றைக்கு உள்ளே விட்டால் நாளைக்கு அதே கதைதான்.

இந்தியாவில்

சர்வே ஆஃப் இந்தியா 1767-இல் தொடங்கியது. 2005 வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. பொதுமக்களுக்கானதன் பெயர் 'ஓப்பன் சீரிஸ் மேப்'. சுருக்கினால் ஓஎஸ்எம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அதே மூன்று எழுத்து! 2017-இல் அவற்றை 'நக்ஷே' தளத்தில் இலவசமாக வைத்தார்கள். ஆதார் எண்ணோடு உள்ளே போக வேண்டியிருந்தது. இலவசம்தான், ஆனால் அடையாளம் காட்டி வாங்கியதை உலகத்துக்கே கைமாற்றிவிடலாம் என்று அர்த்தம் ஆகாது.

2021 பிப்ரவரியில் புதிய வழிகாட்டுதல்கள் வந்தன. வரைபடம் உருவாக்க முன் அனுமதி வேண்டாம் என்றது பெரிய விடுதலைதான். ஆனால் நாமே வரைய அனுமதி கிடைத்ததும், அரசு வரைந்ததை எடுக்க உரிமை கிடைப்பதும் வேறு வேறு. பொதுப்பணத்தில் உருவான தரவு "இந்திய அமைப்புகளுக்கு" எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தியருக்கு மட்டும் என்ற வேலியை உலகம் முழுக்கப் பகிரும் தரவுத்தளத்துக்குள் எப்படிப் போடுவது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையே பிரிட்டனில் பதிவானது.

2017-இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமம் இதைவிடத் தாராளம். மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், மாற்றலாம், வணிகத்துக்கும் எடுக்கலாம். ஆனால் எந்தத் தரவுத்தொகுப்பு அதன் கீழ் வெளியாகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கணும். அரசுத் தளத்தில் இருக்கிறது என்பதாலேயே அந்த உரிமம் வந்துவிடாது.

இதில் போவது வெறும் சட்டநுணுக்கம் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தின்போது எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் எழுந்தது. யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் ஊர்ப்பெயரும் வார்டு எல்லையும் ஏற்கெனவே உள்ளே இருப்பது எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

பழைய அச்சு வரைபடம் கையில் இருந்தால் முதலில் வெளியான ஆண்டைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி அரசுப் படைப்புக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளியானது என்றால் 2020 முடிவோடு தீர்ந்தது.

புதிய தரவு என்றால் துறைக்கு எழுதிக் கேளுங்கள். "உங்கள் வரைபடத்தைப் பயன்படுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமாக" என்று பதில் வரும், அது எதற்கும் உதவாது. எந்தக் கோப்பு, எந்தத் தேதியிட்டது, ஓடிபிஎல்-இன் கீழ் உலகம் முழுக்க வணிகப் பயன்பாடு உட்படப் பகிரப்படும், உங்கள் பெயர் பங்களிப்பாளர் பட்டியலில் இருக்கும் என்று நான்கையும் எழுதி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வந்த பதிலைப் பொதுவில் பதிந்து வையுங்கள். பதில் வரும்வரை, ஊர்ப் பலகையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு வருவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.