ஹில் ஸ்ட்ரீட்டின் சிவப்பு வெள்ளைக் கோபுரம்

சிங்கப்பூரில் சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி ஹில் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால், சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும் ஒரு கட்டடம் கண்ணில் படும். அதுதான் மத்திய தீயணைப்பு நிலையம். 1908இல் கட்டி முடித்தார்கள். தீவில் இன்று மிஞ்சியிருக்கும் தீயணைப்பு நிலையங்களில் இதுவே மிகப் பழையது. 1998இல் தேசிய நினைவுச்சின்னமானது. ஆனால் கீழே நிற்கும் வண்டிகள் காட்சிப்பொருள்கள் அல்ல. அழைப்பு வந்தால் இன்றும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பழைய கட்டடங்கள் பலவும் உணவகமாகவோ ஓட்டலாகவோ மாறிவிட்ட வட்டாரத்தில், எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அந்த வேலையிலேயே இது நீடிப்பது எனக்குப் பெரிய நிறைவு.

கோபுரம் அழகுக்காக எழுப்பியது அல்ல. அன்றைக்குச் சுற்றிலும் பெரும்பாலும் தாழ்வான கடைவீடுகள்தான். உச்சியில் காவல் நிற்பவருக்கு எந்தத் தெருவில் புகை கிளம்பினாலும் தெரிந்துவிடும். இன்னொரு காரணம் தண்ணீர்க் குழாய்கள். அந்தக் காலத்துக் குழாய்கள் கித்தான் போன்ற தடித்த துணியால் நெய்தவை. நனைந்தபடியே சுருட்டி வைத்தால் இந்த ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும்; அடுத்த தீயின்போது அழுத்தம் தாங்காமல் பிய்ந்துகொள்ளும். ஆகவே நீளவாக்கில் தொங்கவிட்டு, நீரை வடித்து, உலர்த்த வேண்டியிருந்தது. அதற்கு உயரம் தேவைப்பட்டது. ஆட்களும் உடனே கிளம்ப வேண்டும் என்பதால் அவர்களுக்கான குடியிருப்புகள் மேல்தளங்களில் இருந்தன.

இந்த ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்பு தீயை யார் அணைத்தார்கள்? 1830இல் பிலிப் ஸ்ட்ரீட்டிலும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பெருந்தீ பரவியபோது ஊரில் தீயணைப்பு வண்டியே கிடையாது. வாளியில் தண்ணீர் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். 1888இல் தனிப்படை அமைந்தது. அதன் பிறகு, முறையான பயிற்சி பெற்ற முதல் கண்காணிப்பாளராக வந்த மாண்டேகு பெட்டின் காலத்தில்தான் இந்த நிலையம் எழுந்தது.

அந்தக் கைதிகளின் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் சற்றுத் தள்ளியுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போகலாம். 1850களின் நடுவில் தொடங்கிய அந்தக் கட்டுமானத்தில் உழைத்தவர்கள் இந்தியக் கைதிகளே. வெளுத்து மினுங்கும் அதன் சுவர்களுக்கு நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சைப் பூசினார்கள்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு பழக்கமானதுதான். அந்தத் தொழிலாளர்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

நிலையத்துக்கு மிக அருகில் இருப்பது ஆர்மேனியத் தேவாலயம். ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்து 1835இல் கட்டப்பட்டது. சிங்கப்பூரின் மிகப் பழைய தேவாலயம் இதுதான். நாட்டின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டுக்குப் பெயர் தந்த ஆக்னஸ் ஜோக்கிமின் கல்லறைக்கல் இதன் தோட்டத்தில் உள்ளது. ஆற்றுப் பக்கம் போனால், 927 சன்னல்களுக்கும் வண்ணம் பூசிய பழைய காவல் நிலையம் வரும். 1934ஆம் ஆண்டுக் கட்டடம். இப்போது அது அரசு அலுவலகம்.

பின்னால் உயர்ந்து நிற்பது ஃபோர்ட் கேனிங் குன்று. 14ஆம் நூற்றாண்டில் மலாய் அரசர்கள் வாழ்ந்த இடம் இது. குன்றுக்குள் ஒரு நிலவறை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தது அங்கேதான். அந்த முடிவுக்குத் தண்ணீரும் ஒரு முக்கியக் காரணம். நீர்த்தேக்கங்கள் எதிரி கைக்குப் போயிருந்தன. குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து, நகரத்துக்கு வந்த நீரில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. குழாயில் நீர் வராத ஊரில் எந்தத் தீயணைப்புப் படையாலும் அதிகம் செய்ய இயலாது. அந்த நிலவறை இப்போது 'பேட்டில் பாக்ஸ்' என்ற அருங்காட்சியகம். தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்திலும் பழைய வண்டிகள், கருவிகள் அடங்கிய காட்சியகம் ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் நிலையத்தில் தொடங்குங்கள். குன்றேறும் பாதை அதன் பின்புறம்தான்.